கதவு பிடிப்போர் நன்னடத்தைக் கொள்கை

பள்ளிக்கூடம் என்று ஒன்று இருந்தால் அதில் பிள்ளைகள் இருப்பார்கள், பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கு வாய் இருக்கும், வாய் இருந்தால் அதற்குள் ஒரு கருத்தும் இருக்கக்கூடும் என்கிற உண்மை ஒரு திங்கட்கிழமை காலை பதினோரு மணி வாக்கில் மேலிடத்துக்குத் தெரியவந்தது. இத்தனை வருஷம் எப்படித் தெரியாமல் போனது என்று யாரும் கேட்கவில்லை. தெரியவந்த கையோடு சுற்றறிக்கை அடித்துவிட்டார்கள்.

"இனி வருங்காலங்களில் பள்ளிகளின் நடத்தைக் கொள்கையானது மாணவ மாணவியரின் கருத்துகளைக் கேட்டறிந்து, அவற்றை உள்வாங்கி, அவற்றின் அடிப்படையில் மட்டுமே வடிவமைக்கப்பட வேண்டும்" என்றது சுற்றறிக்கை. அப்படி வடிவமைக்கப்பட்ட கொள்கையும் நாற்பத்திரண்டு பக்கத்தில், அட்டை போட்டு, அதனுடனேயே இணைக்கப்பட்டிருந்தது.

தலைமையாசிரியை அதை இரண்டு முறை படித்தார். யார் தலையில் கட்டலாம் என்று சன்னல் வழியாகப் பார்த்தார். மைதானத்தில் விளையாட்டு ஆசிரியர் தனியாக நின்றுகொண்டிருந்தார். வெயிலில் சும்மா நிற்கிறவர் தலைதான் அலுவலகத்தின் கண்ணில் முதலில் படும்.

அவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் விசில். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது, வேறெங்கும் புழக்கத்தில் இல்லை. பத்தொன்பது வருஷமாக அந்தப் பள்ளியில் அவர் பார்த்துவந்த வேலை, எண்ணூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளைப் பேசாமல் இருக்க வைப்பது. அதில் அவருக்கு நிகர் அவரே. ஒரு தரம் ஊதினால் வரிசை நேராகும். இரண்டு தரம் ஊதினால் வாய் மூடும். மூன்றாவது தரம் ஊத வேண்டிய அவசியம் இதுவரை வந்ததில்லை.

"இனிமே நீங்கதான் சார் மாணவர் குரல் ஒருங்கிணைப்பாளர்" என்றார் தலைமையாசிரியை.

"நானா? நான் பிள்ளைங்க வாயை மூட வைக்கிற ஆளு மேடம்."

"அதனாலதான் சார். மூடத் தெரிஞ்சவருக்குத்தானே திறக்கவும் தெரியும்?" என்றவர் குரலைத் தணித்துக்கொண்டு, "உதவித் தலைமையாசிரியர் இடம் காலியாத்தான் கெடக்கு. இந்த நேரத்துல மேலிடத்துல உங்க பேர் அடிபட்டா நல்லதுதானே" என்றார்.

விசிலுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. குளிர்ந்த உச்சியோடு படிவக் கட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

அவருடைய சிறப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. இடைவேளை முடிந்து மணி அடித்ததும் மாடிப்படிக்குக் கீழே ஒரு நீள நோட்டோடு போய் நிற்பார். மணிக்குப் பிறகு யார் படியேறினாலும் பெயர் நோட்டில் ஏறும். வருஷத்தில் ஐந்து தாமதம் ஆனால் பள்ளி அணியில் விளையாட முடியாது. இந்த விதியை எழுதியது அவரேதான். பல பள்ளிகள் அதைப் பார்த்து எழுதிக்கொண்டு போயிருக்கின்றன என்று கேட்காதவர்களிடமும் சொல்லுவார்.

இப்போது அந்த விதி அவருடைய சட்டைக் காலரையே பிடித்திருந்தது. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் அவருடைய மகள் நானூறு மீட்டர் ஓடுகிறவள். அந்தப் பிள்ளை ஓடும்போது விசிலுக்கு விசில் ஊத மறந்துபோகும். அப்படி ஓடும். அப்பேர்ப்பட்ட பிள்ளையின் பெயர் நோட்டில் நாலு தரம் ஏறியிருந்தது. பள்ளிகளுக்கு இடையிலான போட்டி இவர்கள் மைதானத்திலேயே நடக்க இன்னும் மூன்று வாரம் இருந்தது. அதற்குள் இன்னொரு தரம் தாமதமாக வந்தால் அவள் ஓட முடியாது. போட்டியில் ஜெயித்த பிறகு அந்த ஐந்தாவது தாமதம் விழுந்தாலும் அடுத்த சுற்றுக்குப் போக முடியாது.

"ஏன் லேட்?" என்று நாலு தரமும் கேட்டிருந்தார்.

"சும்மாதான் சார்" என்று நாலு தரமும் சொல்லியிருந்தாள். பள்ளியில் அவர் சார், வீட்டில்தான் அப்பா. அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை. நோட்டில் பெயர் எழுதவும் கட்டம் இருந்தது, மணி எழுதவும் கட்டம் இருந்தது. காரணம் எழுதக் கட்டம் இல்லை.

மறுநாள் காலை வணக்கக் கூட்டத்தில் விசில் மேடையேறினார். ஒரு தரம் ஊதினார். வரிசை நேரானது.

"எல்லாரும் நல்லா கேட்டுக்குங்க. பள்ளிக்கூடத்துல ஒழுங்கு எப்படி இருக்கணும்னு இனிமே நீங்கதான் சொல்லப்போறீங்க. பயப்படாம, சுதந்திரமா, மனசுல பட்டதச் சொல்லுங்க. ம், ஆரம்பிக்கலாம்!"

எண்ணூற்றுப் பன்னிரண்டு பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நேராகப் பார்த்தார்கள். நாலாவது வரிசையில் ஒரு பையன் தும்மினான். பழக்க தோஷத்தில் விசில் அவனை வெளியே நிறுத்திவிட்டார். பிறகுதான் அவன் ஏதோ சொல்ல வாயெடுத்திருக்கலாமோ என்று உறைத்தது.

பத்து நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமைக்குள் சுதந்திரமாகக் கருத்து எழுதித் தராதவர்கள் இரண்டு பாடவேளை வெயிலில் நிற்க வேண்டியிருக்கும் என்று அறிவித்தார். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் எண்ணூற்றுப் பன்னிரண்டு படிவமும் வந்து சேர்ந்தன. "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று எல்லாரும் மனதில் பட்டதை எழுதியிருந்தார்கள். ஏழாம் வகுப்பில் வகுப்புத் தலைவன் கருத்தைக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறான் போலிருக்கிறது. அந்த வகுப்பில் நாற்பத்தோரு பேரும் "எல்லாம் நன்றாக இருக்கிறது. மாலை வரை அழிக்க வேண்டாம்" என்று எழுதியிருந்தார்கள்.

விளையாட்டுச் சாமான் அறையில், காற்று இறங்கிய பந்துகளுக்கு நடுவில் உட்கார்ந்து விசில் படிவங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒன்பதாம் வகுப்புக் கட்டில் ஒரு படிவம் மட்டும் அடிவரை நிரம்பியிருந்தது. பெயர் எழுதக் கூடாது என்பது விதி. ஆனால் அந்தக் கையெழுத்துக்காரியின் கையைப் பிடித்து 'அ' போடப் பழக்கியது அவர்தான்.

"பெண்கள் கழிப்பறையில் மூன்று கதவு இருக்கிறது. மூன்றுக்கும் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் ஒருத்தி வெளியே நின்று கதவைப் பிடிக்க வேண்டும். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் பிடிக்க ஆள் இருப்பதில்லை. அடக்கிக்கொண்டு அழுகிறார்கள். அதனால் நான் பிடிக்கிறேன். எல்லாரும் போய் வருவதற்குள் மணி அடித்துவிடுகிறது. தாமதமாக வருவது கெட்ட நடத்தை என்று கொள்கையில் இருக்கிறது. கதவைப் பிடிப்பது என்ன நடத்தை என்று அதில் எழுதவில்லை."

விசில் நீள நோட்டை எடுத்து எண்ணினார். அந்த வருஷம் மொத்தம் நூற்று நாற்பத்தாறு தாமதம். அதில் நூற்று முப்பத்தொன்பது பெண் பிள்ளைகளுடையவை. பொம்பளப் பிள்ளைகள் கூடி நின்று கதையடிக்கிறார்கள் என்றுதான் அவர் இதுவரை நினைத்திருந்தார். ஆசிரியர்கள் அறையிலும் அப்படித்தான் சொல்லிச் சிரித்திருக்கிறார். இப்போது அவருக்கு வெட்கமாக இருந்தது. நோட்டை மூடிவிட்டு நேரே தலைமையாசிரியையிடம் போனார்.

"நல்ல விஷயம்தான் சார். ஆனா இது நடத்தை இல்லையே, கட்டடம்" என்றார் அவர்.

"கட்டடம்னா?"

"தாழ்ப்பாள், கதவு, கூரை எல்லாம் கட்டடம். அதுக்கு வேற படிவம். பிள்ளைங்க அதை நிரப்பக் கூடாது."

"யார் நிரப்பணும்?"

"கட்டடப் பிரிவுலேருந்து கேட்டா நான் நிரப்பலாம்."

"கேட்டாங்களா மேடம்?"

"நான் வந்து ஒன்பது வருஷம் ஆகுது. இன்னும் கேக்கல."

விசில் ஞாயிற்றுக்கிழமை காலை இரும்புக் கடைக்குப் போய் மூன்று தாழ்ப்பாள் வாங்கினார். மகளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்தார். அவள் திருகாணிகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். மூன்று கதவுக்கும் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டு முடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவர் மனைவி, "நம்ம வீட்டுப் பின்கதவுத் தாழ்ப்பாள் ரெண்டு வருஷமா ஆடிட்டிருக்கு. நானும் ஒரு படிவத்துல எழுதித் தரட்டுமா?" என்று கேட்டாள்.

திங்கட்கிழமை இடைவேளை முடிந்து மணி அடித்தது. விசில் நோட்டோடு படிக்குக் கீழே நின்றார். யாரும் வரவில்லை. செவ்வாய், புதன், வியாழன் எந்த நாளும் யாரும் தாமதமாக வரவில்லை. அவர் வாழ்க்கையிலேயே வேலையில்லாமல் நின்றதற்காகச் சந்தோஷப்பட்டது அந்த நாலு நாள்தான்.

வெள்ளிக்கிழமை வட்டார அலுவலர் வந்தார். மாணவர் கருத்துகளைப் பரிசீலிப்பது அவர் பொறுப்பு. வேர்க்க விறுவிறுக்க எண்ணூற்றுப் பதினோரு படிவத்தைத் தள்ளினார்.

"இதெல்லாம் கருத்தே இல்ல சார், வாழ்த்து. வாழ்த்தை வச்சு நான் என்ன பண்றது? அடுத்த வாரம் கல்வித்துறை இயக்குநரம்மா விளையாட்டுப் போட்டிக்கு வர்றாங்க. மாணவர் கருத்துலேருந்து உருவான கொள்கை ஒண்ணையாவது நேர்ல பாக்கணுமாம். வட்டாரம் பூரா அலசிட்டேன். எல்லா ஊர்லயும் எல்லாம் நன்றாக இருக்கிறது."

கடைசியில் அந்த ஒரு படிவத்தைப் படித்தார். எழுந்து நின்று இன்னொரு தரம் படித்தார். "இது கருத்து!" என்றார். "இதுதான் சார் கருத்து! எங்க அந்தக் கதவு?"

விசில் பெருமையோடு கூட்டிக்கொண்டு போனார். கழிப்பறைப் பக்கம் யாரும் இல்லாத நேரம். அலுவலர் கதவைத் திறந்தார், மூடினார், உள்பக்கம் தடவிப் பார்த்தார். முகம் சுண்டிப்போனது.

"இது என்ன?"

"தாழ்ப்பாள் சார்."

"தெரியுது. யார் போட்டது?"

"நான்தான் சார். ஞாயித்துக்கிழமை."

"கெடுத்தீங்களே காரியத்த!" என்று அலுவலர் தலையில் கைவைத்தார். "பிரச்சினை இருந்தாத்தான் கருத்து. கருத்து இருந்தாத்தான் கொள்கை. நீங்க பாட்டுக்குப் பிரச்சினையைத் தீர்த்துட்டா கொள்கை எதுமேல நிக்கும்? இயக்குநரம்மா வந்து இதைத் திறந்து பாத்தா, தாழ்ப்பாள் இருக்கே, அப்புறம் என்னய்யா கருத்துன்னு கேப்பாங்களே, நான் என்ன பதில் சொல்றது?"

"தாழ்ப்பாள் வேணும்னுதானே சார் அந்தப் பொண்ணே சொல்லியிருக்கு?"

"எங்க சொல்லியிருக்கு? காட்டுங்க பாப்போம். 'கதவைப் பிடிப்பது என்ன நடத்தை என்று எழுதவில்லை.' இதுதான் கோரிக்கை. எழுதிடுவோம்! ஒரு பிள்ளை வாயைத் திறந்து கேட்டிருக்கு. அதுகூடச் செய்யலேன்னா நாமெல்லாம் எதுக்கு இருக்கோம்?"

திங்கட்கிழமை இடைவேளைக்கு முன் தாழ்ப்பாள்களைக் கழற்றிவிட வேண்டும் என்று வாய்மொழியாக உத்தரவானது. உதவித் தலைமையாசிரியர் இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை, அதுவும் வாய்மொழியாகத்தான். மாட்டேன் என்று சொல்ல வேண்டும் என்று விசிலுக்கும் தோன்றாமல் இல்லை. தோன்றியதைச் சொல்லிப் பழக்கம் இல்லாததால் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு போனார்.

மகள் வந்து பக்கத்தில் நின்றாள்.

"ஏன் சார் கழட்டுறீங்க?"

"உன் கருத்தை ஏத்துக்கிட்டாங்கம்மா" என்றார் விசில். அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை.

'கதவு பிடிப்போர் நன்னடத்தைக் கொள்கை' நாலே நாளில் பத்தொன்பது பக்கத்துக்கு வளர்ந்து வந்து சேர்ந்தது. கதவு பிடிக்கும் மாணவி வலது கையில் பச்சைப் பட்டை அணிய வேண்டும். இடது கையால் கதவைப் பிடிக்க வேண்டும். கதவுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். உள்ளே இருப்பவர் "இருக்கியா?" என்று வினவும்பட்சத்தில் "இருக்கிறேன்" எனத் தெளிவான குரலில் விடையளிக்க வேண்டும். உள்ளே சென்ற நேரம், வெளியே வந்த நேரம் ஆகியவற்றைப் பதிவு செய்ய வேண்டும். காரணம் கேட்கக் கூடாது. மாற்று ஆள் வராமல் இடத்தை விட்டு அகலும் மாணவிக்கு ஒரு தாமதப் பதிவு வழங்கப்படும். கருத்தைத் தந்தவள் என்ற முறையில் விசிலின் மகள் முதல் கதவுத் தலைவியாக நியமிக்கப்பட்டாள்.

போட்டி நாள் வந்தது. பெண்கள் நானூறு மீட்டர் பதினோரு மணிக்கு. இயக்குநரம்மா பத்தே முக்காலுக்கு வந்தார். விளையாட்டைப் பார்க்க வந்தவரை விளையாட்டின் பக்கம் ஒரு நிமிஷம்கூட நிற்க விடாமல், வட்டார அலுவலர் கழிப்பறைப் பக்கம் அழைத்துக்கொண்டு போனார். அங்கே நடுக்கதவைப் பிடித்துக்கொண்டு, ஓட்டக்காரி உடுப்பில், பச்சைப் பட்டையோடு விசிலின் மகள் நின்றாள். கூட வந்த அதிகாரிகள் கைதட்டினார்கள்.

"சும்மா பாத்துட்டுப் போறது எனக்குப் பிடிக்காது. எதையும் நானே அனுபவிச்சுப் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு இயக்குநரம்மா உள்ளே போனார். கதவு சாத்தப்பட்டது. அதிகாரிகள் மரியாதை கருதிப் பத்தடி தள்ளிப் போய், சுவரைப் பார்த்து வரிசையாக நின்றார்கள். வரிசைக் கடைசியில் விசில் நின்றார்.

"கண்ணு, இருக்கியா?"

"இருக்கிறேன்."

"நல்லா சத்தமா சொல்ற. உன் ஒருத்தி கருத்துக்காக ஒரு கொள்கையே வந்திருக்கு பாத்தியா? சந்தோஷமா?"

மைதானத்திலிருந்து ஒலிபெருக்கி அலறியது. பெண்கள் நானூறு மீட்டர், இரண்டாவது அழைப்பு.

"மேடம், எனக்கு இப்ப ஓட்டம் இருக்கு மேடம்."

"இருக்கட்டும், இருக்கட்டும். பயப்படாமச் சொல்லு, இன்னும் என்னென்ன பண்ணலாம்? உங்க குரலைக் கேக்கத்தானே நான் இவ்வளவு தூரம் வந்திருக்கேன்!"

அவள் தலையைத் திருப்பி அப்பாவைப் பார்த்தாள். இடது கை கதவில் இருந்தது. கால் இரண்டும் தரையில் நிற்காமல் மாறி மாறித் துடித்துக்கொண்டிருந்தன. கண் கலங்கிவிட்டது. பெண்கள் நானூறு மீட்டர், கடைசி அழைப்பு என்றது ஒலிபெருக்கி.

பத்தொன்பது வருஷமாக மற்றவர்களை வரிசையில் நிறுத்திய விசில் வரிசையை விட்டு வெளியே வந்தார். நாலே எட்டில் கதவருகே போய், மகளின் கைக்கு மேலே தன் கையை வைத்துப் பிடித்துக்கொண்டு, "ஓடு" என்றார். அடுத்த நொடி அவள் அங்கே இல்லை.

"கண்ணு, இருக்கியா?"

விசில் அதிகாரிகளைத் திரும்பிப் பார்த்தார். அதிகாரிகள் யாரும் சுவரை விட்டுத் திரும்பவில்லை. பதில் சொல்லாவிட்டால் உள்ளே இருப்பவர் பயந்துபோவார். தொண்டையைச் சுருக்கி, எவ்வளவு மெல்லிசாக முடியுமோ அவ்வளவு மெல்லிசாக, "இருக்கிறேன்" என்றார்.

"என்னம்மா, தொண்டை கட்டிக்கிச்சா?"

"ஆமாங்க மேடம்."

"சரி, சொல்லு. உன் மனசுல பட்டதச் சொல்லு."

மைதானத்தில் துப்பாக்கி வெடித்தது. கூட்டம் ஓவென்று கத்தியது. விசிலுக்கு அங்கிருந்து ஒன்றும் தெரியவில்லை. கதவைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டார். "தாழ்ப்பாள் போட்டுட்டாப் போதும் மேடம்" என்றார். கண்ணை மூடியிருந்ததாலோ என்னவோ, குரல் அவருடைய சொந்தக் குரலாகவே வந்துவிட்டது.

கதவு திறந்தது. இயக்குநரம்மா வெளியே வந்து, கதவைப் பிடித்துக்கொண்டிருந்த மீசைக்காரரை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க யாரு?"

"விளையாட்டு ஆசிரியர்ங்க."

"அந்தப் பொண்ணு எங்க?"

"ஓடப் போயிருக்குங்க மேடம். நீங்க கேட்டதுக்கு நான்தான் பதில் சொன்னேன். உள்ள ஒரு தாழ்ப்பாள் போட்டுட்டா யாரும் கதவைப் பிடிக்க வேண்டியதில்ல, யாரும் லேட்டாவும் வர மாட்டாங்க."

வட்டார அலுவலருக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "சார், இது மாணவர் கருத்தறியும் நிகழ்ச்சி. ஆசிரியர் கருத்துக்குப் படிவத்துல கட்டமே கெடையாது!"

இயக்குநரம்மா கையமர்த்தினார். "இருங்க. தாழ்ப்பாள்ங்கிறது நல்ல யோசனையாத்தான் படுது. அந்தப் பொண்ணு சொன்னதாவே எழுதிக்குங்க. பாத்தீங்கல்ல, கதவு பிடிக்கிற பிள்ளை பாதியில ஓடிடுது. அதுக்கு நாம ஒரு வழி பண்ணித்தானே ஆகணும்?"

விசிலுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக வாயைத் திறந்தோம், அதுவும் பலித்துவிட்டது என்று நினைத்தார். மைதானத்துக்கு ஓடினார். மகள் முதலாவதாக வந்திருந்தாள்.

மறுநாள் காலையில் தலைமையாசிரியை நீள நோட்டை அவர் முன்னால் விரித்து, பேனாவையும் திறந்து நீட்டினார்.

"மாற்று ஆள் வராம இடத்தை விட்டுப் போயிருக்கா சார். ஒரு தாமதம் போடுங்க."

"கதவை நான் பிடிச்சேனே மேடம்!"

"நீங்க மாணவியா சார்? கொள்கைப்படி நேத்து அந்தக் கதவை யாரும் பிடிக்கல."

"இதோட அஞ்சு ஆயிடும் மேடம். அடுத்த சுற்றுக்குப் போக முடியாது."

"எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு. ஆனா விதி நீங்க எழுதினது."

விசில் எழுதினார். அடுத்த சுற்றுக்கு இரண்டாவதாக வந்த வேற்றுப் பள்ளிப் பிள்ளை போனாள். சாமான் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அவர் அழுதார். மகள்தான் தேடிக்கொண்டு வந்து, "விடுப்பா" என்றாள். பள்ளிக்கூடத்துக்குள் அவள் அவரை அப்பா என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

ஒரு மாதத்தில், எல்லாப் பள்ளிகளுக்கும் தாழ்ப்பாள் வந்தது. மாணவி ஒருத்தியின் கருத்தை ஏற்று என்று பெட்டியின் மேலேயே அச்சடித்திருந்தார்கள். தச்சர் வந்து வேலையை ஆரம்பித்தார். எட்டிப் பார்த்த விசில் பதறிப்போனார்.

"என்னங்க, வெளிப்பக்கமாப் போடுறீங்க?"

"எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சு சார். கேட்டேன். இது கதவு பிடிக்கிறவங்க கொள்கையாம். பிடிக்கிறவங்க வெளியதானே நிக்கிறாங்க? அவங்க அவசரமா எங்கயாவது போகணும்னா தாழ்ப்பாளைப் போட்டுட்டுப் போயிட்டு வரலாமாம். எழுத்துல இருக்கு சார்" என்று தாளைக் காட்டினார்.

"அப்ப உள்ள இருக்கிற பிள்ளை?"

"அதைப் பத்தி ஒண்ணும் எழுதலீங்க."

விசில் இந்த முறை சும்மா இருக்கவில்லை. தலைமையாசிரியையிடம் போனார், வட்டார அலுவலரிடம் போனார், மேலிடத்துக்கே கடிதம் எழுதினார். ஆசிரியர்களின் கருத்தை அறிவதற்கான சுற்றறிக்கை தயாராகிவருவதாகவும், அதுவரை பொறுத்திருக்கும்படியும் பதில் வந்தது. அதே உறையில், அவரை உதவித் தலைமையாசிரியராக நியமிக்கும் உத்தரவும் இருந்தது. மாணவர் குரலை வெளிக்கொணர்ந்தமைக்காக என்று போட்டிருந்தார்கள். அவர் கிழித்துப் போட்டிருக்கலாம். போடவில்லை.

கதவு பிடிக்கும் பிள்ளைகளுக்கும் வகுப்பு உண்டல்லவா? மணி அடித்தால் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள், யாராவது வந்து திறந்துவிட்ட பிறகு வகுப்புக்கு வந்தார்கள். வந்தவர்கள் பெயரெல்லாம் நோட்டில் ஏறியது. ஆண்டு முடிவதற்குள் பெண் பிள்ளைகளில் ஐந்து தாமதம் ஆகாதவர் ஒருத்திகூட மிச்சம் இல்லை.

அந்தச் சமயம் பார்த்து, புதிய கொள்கையைப் பற்றி மாணவ மாணவியரின் கருத்தைக் கேட்டு இன்னொரு படிவம் வந்தது. விசிலின் மகள் அன்றே உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினாள். அவளைப் பார்த்து மற்ற பெண் பிள்ளைகளும் எழுதினார்கள். ஒருத்திகூட எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுதவில்லை. கட்டுக் கட்டாகத் தூக்கிக்கொண்டு விசில் அலுவலகத்துக்குப் போனார்.

வட்டார அலுவலர் படிவத்தின் அடியில் இருந்த பொடி எழுத்தைக் காட்டினார். நடத்தைக் கொள்கை குறித்துக் கருத்துக் கூற, நன்னடத்தை உடைய மாணவ மாணவியருக்கு மட்டுமே தகுதி உண்டு. ஐந்து தாமதம் பெற்றவர்கள் நன்னடத்தை உடையவர்கள் ஆகமாட்டார்கள்.

"நியாயம்தானே சார்? ஒழுங்கு இல்லாதவங்க கிட்டப் போய் ஒழுங்கைப் பத்திக் கேட்டா உருப்படுமா?" என்றார் அலுவலர்.

தகுதியுள்ள ஆண் பிள்ளைகளின் படிவங்கள் மட்டும் மேலிடத்துக்குப் போயின. எல்லாம் நன்றாக இருந்தது. "மாணவியர் தரப்பில் ஆட்சேபனை எதுவும் இல்லை" என்று முகப்பில் எழுதி முத்திரை குத்தினார்கள்.

மாணவர் குரலுக்கு மதிப்பளித்த முதன்மைப் பள்ளி என்ற விருது அந்தப் பள்ளிக்கே கிடைத்தது. விழாவுக்கு மண்டபம் நிறையப் பெற்றோர் வந்திருந்தார்கள். புது உதவித் தலைமையாசிரியர் என்பதால் விசிலுக்கு மேடையில் ஓரமாக ஒரு நாற்காலி. இயக்குநரம்மா பேசினார்.

"இந்தப் பள்ளியின் பெண் குழந்தைகளில் ஒருவர்கூட ஆட்சேபனை தெரிவிக்கவில்லை என்பதை இங்கே பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன்!"

பெற்றோர் கைதட்டினார்கள். பெற்ற பெண்களின் பெயர் நோட்டில் ஏறியபோது வீட்டில் அடி கொடுத்தவர்கள் கொஞ்சம் அதிகமாகவே தட்டினார்கள். விசிலும் தட்டினார். தட்டிக்கொண்டே பார்வையாளர் வரிசையில் மகளைத் தேடினார். பச்சைப் பட்டை அணிந்த பிள்ளைகள் மூன்று பேரும் விருதைப் பார்க்கும் ஆசையில் முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் அவருடைய மகளின் நாற்காலி காலியாக இருந்தது.

அவருக்குப் பகீரென்றது. மேடையிலிருந்து குதித்து, பாதிப் பேச்சில், எல்லாரும் பார்க்கப் பின்வாசல் வழியாக ஓடினார்.

கைதட்டல் ஓய்ந்தது. கழிப்பறைப் பக்கமிருந்து மட்டும் தடதடவென்று சத்தம் ஓயாமல் வந்துகொண்டே இருந்தது. இயக்குநரம்மா நெகிழ்ந்துபோய், அந்தத் திசையைப் பார்த்து இன்னொரு தரம் கைகூப்பினார்.